ராணி வீட்டுப் படத்தில் வஸாவா சிங்

நிஹாலோவுக்குப் போர்வை போர்த்த நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, செத்துப்போன புருஷனின் தம்பி கேஹர் சிங்தான். கோட் மெஹ்தாபில் இதை யாரும் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்த மருமகள் வீட்டிலேயே இருக்கவேண்டும், நிலம் துண்டாகக் கூடாது. உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து வெல்லம் தின்று, கொழுந்தன் தன் போர்வையின் ஒரு முனையை அண்ணியின் தலைமேல் இழுத்துவிட்டால் முடிந்தது கல்யாணம்.

நிஹாலோ வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கேட்டவர்கள் முகத்தைப் பார்க்காமல் சாணத்தையும் மண்ணையும் குழைத்துக்கொண்டு போய் முற்றத்துச் சுவரைப் பூசினாள். அந்தச் சுவரை அவள் போன வாரம்தான் பூசியிருந்தாள். அதை முடித்துவிட்டு, நூற்று வைத்திருந்த நூலைப் பிரித்து மறுபடி சுற்றினாள். எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, காட்டினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் திரும்பவும் இழுத்துக்கொண்டு போனாள்.

"உட்காருடி ஒரு நிமிஷம். உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது" என்பாள் மாமியார் பசந்தி.

உட்கார்ந்தால்தான் வந்தது வினை. உட்கார்ந்தால் போய்விட்ட புருஷன் வஸாவா சிங்கின் முகத்தை நினைத்துப் பார்க்கத் தோன்றும். நினைத்தால் வராது. பட்டாளத்துக்காரனைக் கட்டிக்கொண்டவள் அவள். விடுப்பில் வந்தான், போனான். மறுபடி வந்தான், போனான். பிறகு கப்பலேறி சுவாக்கின் என்ற கடற்கரைக்குப் போனான், அங்கேயே மணலுக்குள் போய்விட்டான். அவனுடைய மணிக்கட்டில் வெல்லப்பாகு கொட்டிய தழும்பு நினைவில் இருந்தது. சாப்பிடும்போது ரொட்டியை நாலாக மடிப்பது நினைவில் இருந்தது. முகத்துக்கு வந்தால் அந்த இடத்தில் ஒரு தலைப்பாகையும் தாடியும் மட்டும் இருந்தன. அந்த மாதிரி தலைப்பாகையும் தாடியும் ஊர் முழுக்க நடமாடின.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் முகம் மறந்துபோனது என்று சொல்லும் பொம்பளையை ஊர் என்ன சொல்லும்?

இந்த நிலைமையில்தான் நாவிதர் மங்கு ஒரு காலைநேரம் முற்றத்துக்குள் வந்து நின்றார். கல்யாணப் பேச்சுக்குத் தூது போவது அவர் தொழில். ஃபெரோஸ்பூர் பக்கம் ஒரு சம்பந்தம் பேசப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். காலில் இன்னும் புழுதி போகவில்லை.

"பசந்தி அக்கா, ஒரு சேதி கொண்டுவந்திருக்கேன். நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியல. மோரு கொடுத்தா சொல்றேன்."

"சொன்னாத்தான் மோரு."

"ஃபெரோஸ்பூர் பட்டாளத் தண்டுல ஒரு வெள்ளைக்காரன் வந்து இறங்கியிருக்கான். படம் எழுதுறவன். சீமை ராணி அனுப்பின ஆளாம். நம்ம சிப்பாய்ங்க மூஞ்சியெல்லாம் எழுதி எடுத்துக்கிட்டு வான்னு சொல்லியிருக்காங்களாம். அரமனையில மாட்டப் போறாங்களாம்."

"அவங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"கேளுங்க. ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டு உக்காரவச்சு எழுதுறான். கடைத்தெருவுல அதே பேச்சு. யார் யாரை எழுதினாங்கன்னு கேட்டேன். அந்த வெள்ளைக்காரனுக்குப் பேச்சை மாத்திச் சொல்ற முன்ஷிக்கு நான்தான் தாடி திருத்தினேன், அவரே சொன்னாரு. அதுல ஒரு பேரு..." மங்கு நிஹாலோ பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "வஸாவா சிங். ஊரு கோட் மெஹ்தாப். இந்த மாசம் உக்காந்துக்கிட்டு இருக்கானாம்."

பசந்தி கையிலிருந்த மத்து பானைக்குள் விழுந்தது. அடுத்த கணம் அவள் எழுந்து நின்று இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினாள். "நான் சொல்லல? சர்க்கார் தப்பா எழுதிடுச்சுன்னு நான் சொல்லல? என் புள்ள இருக்கான்!"

நிஹாலோ உள்ளே போய் இரண்டு நாளைக்கு ரொட்டி தட்ட மாவை எடுத்தாள்.

வயலிலிருந்து வந்த கேஹர் சிங் சேதியைக் கேட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான், எழுந்தான். தலைப்பாகையை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். "அப்படின்னா ஏன் வீட்டுக்கு வரல? தண்டுலேருந்து நடந்தாலே வந்துடலாமே" என்றான் கடைசியில்.

"அதைத்தான் போய்க் கேக்கப் போறேன்" என்றாள் நிஹாலோ. மூட்டையைக் கட்டி முடித்திருந்தாள்.

"அண்ணி, நீங்க எங்க போறீங்க? நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"நீ போய் என்னன்னு பார்ப்ப? இருந்தா எனக்குப் புருஷன், இல்லேன்னா நீ எனக்குப் புருஷன். ரெண்டுல எதுன்னு நானே பார்த்துக்கறேன்."

மங்கு மோரைக் குடித்தும் குடிக்காமலும் கழன்று போனார். பசந்தி தடுக்கவில்லை. மகனுக்குக் கொடுக்கச் சொல்லி எள்ளு உருண்டை கட்டிக் கொடுத்தாள்.

ஹரிக்கே படகுத்துறைக்கு உப்பு ஏற்றிப்போன ஒட்டகக்காரர்களோடு இருவரும் பாதி வழி போனார்கள். அதற்கப்புறம் நடை. நிஹாலோ முன்னால் போனாள், கேஹர் பின்னால் போனான். வழக்கத்தில் அது நேர்மாறாக இருக்கவேண்டும். எதிரே வந்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

"அண்ணி, மெதுவா. அண்ணன் இருந்தாலும் ஓடிட மாட்டான், இல்லேன்னாலும் ஓடிட மாட்டான்."

"உனக்குக் கால் வலிச்சா ஒட்டகத்தோட போயிரு."

படகில் ஆட்டுக்கூட்டத்துக்கு நடுவே நிற்க இடம் கிடைத்தது. ஆறு செம்மண் கலரில் விரிந்து கிடந்தது. கேஹர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்: "அண்ணன் உயிரோட இருந்தா எனக்குத்தான் எல்லாரையும்விட சந்தோஷம்."

"அப்படியா?"

"இருக்கணும்ல."

"நான் கேட்டது இருக்கான்னு. இருக்கணுமான்னு கேக்கல."

ஒரு ஆட்டுக்குட்டி அவன் போர்வை முனையை மென்றுகொண்டிருந்தது. அதைப் பிடுங்கினான். கொஞ்சநேரம் கழித்து, "உங்களுக்கு?" என்று கேட்டான்.

நிஹாலோ மூட்டையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருந்தால் இத்தனை வேகமாக நடந்திருக்க மாட்டாள்.

தண்டுக்குள் நுழைந்ததும் வாசல் காவல்காரன் நிறுத்தினான். பெண்பிள்ளை வந்திருப்பதால் பட்டாளத்துக் குருத்வாராவுக்கு அனுப்பிவைத்தான். அங்கே வேதம் படிக்கும் கிரந்தி வயசாளி, அந்தப் பட்டாளத்தோடு கடல் தாண்டிப் போய் வந்தவர். வஸாவா சிங் பேரைக் கேட்டதும் கேஹரின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். இருவரையும் பாயில் உட்காரச் சொன்னார். நிஹாலோ நின்றாள்.

"மகளே, குருவோட சன்னிதியில நான் பொய் சொல்ல மாட்டேன். உன் வீட்டுக்காரன் போயிட்டான். சுவாக்கின்ல முள்ளை வெட்டி வேலி போட்டுக்கிட்டிருந்தப்ப எதிராளிங்க மேல வந்து விழுந்தாங்க. முடிஞ்சப்புறம் நான்தான் பிரார்த்தனை சொன்னேன். மண்ணு போட்டதைப் பார்த்தேன்."

"மூஞ்சியைப் பார்த்தீங்களா?"

கிரந்தி தயங்கினார். "பார்த்தேன், மகளே. அவன்தான்."

கேஹர் முகத்தைப் பொத்திக்கொண்டு உடைந்து அழுதான். செத்த சேதி முதலில் வந்தபோது அவன் அழவில்லை. அப்போது அறுப்பு நேரம், அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. நிஹாலோ அவன் தோளைத் தொட்டாள், உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப அங்க உக்காந்திருக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

கிரந்திக்கு அது தெரியவில்லை. படம் எழுதுகிறவர் இருக்கும் பங்களாவைக் காட்டினார், அவ்வளவுதான்.

பங்களாவின் வராந்தாவில் வடக்கு வெளிச்சத்துக்காகப் பாதித் தட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். எண்ணெய் நெடி மூக்கில் ஏறியது. வைக்கோல் நிறத்தில் முடி வைத்த ஒல்லியான மனுஷன் ஒருவர் சட்டைக் கையெல்லாம் சாயமாக நின்றுகொண்டிருந்தார். லார்சன் துரை என்றார்கள். இங்கிலீஷ்காரர்கூட இல்லையாம், வேறு ஏதோ குளிர் தேசம். அவருக்கு மொழிபெயர்க்கும் முன்ஷி கரம் இலாஹி, மங்கு திருத்திய தாடியோடு முன்னால் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

கேஹர் சொன்னான். முன்ஷி துரையிடம் சொன்னார். துரை கண்ணை அகல விரித்து நிஹாலோவைப் பார்த்தார், ஒரு நாற்காலியை அவரே தூக்கிவந்து போட்டார். அவள் அதைத் தொடக்கூட இல்லை. துரை சுவரோரம் சாய்த்திருந்த பலகை ஒன்றைத் திருப்பிக் காட்டினார்.

ஒரு முழம்கூட இல்லாத சின்னப் படம். சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாய், மார்புவரைக்கும். சுருட்டிக் கட்டிய தாடி. கண்கள் பார்ப்பவர்களை விட்டு எங்கோ பக்கவாட்டில் போயிருந்தன. யாரோ கூப்பிட்டு, எழுந்து போகலாமா கூடாதா என்று யோசிக்கிற மாதிரி ஒரு முகம்.

நிஹாலோ பார்த்தாள். முக்காட்டை விலக்கிக்கொண்டு பார்த்தாள். இவரா? காதைத் தேடினாள், தலைப்பாகைக்குள் இருந்தது. மணிக்கட்டைத் தேடினாள், படத்தில் கையே இல்லை. மூக்கு இப்படியா இருந்தது? இருந்திருக்கலாம். ஆமாம், இவர்தான் என்று சொல்ல வாய் ஒரு கணம் திறந்தேவிட்டது.

"இது அண்ணன் இல்ல" என்றான் கேஹர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கிரந்தி தன் வாயால் சொல்லியும் மனசு எங்கோ ஒரு மூலையில் நம்பாமல் கிடந்திருக்கிறது. அது போகட்டும். யாரோ ஒருத்தனைப் புருஷன் என்று சொல்லப் போனோமே, அதுதான் அவளைக் குத்தியது. கேஹர் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் படத்தில் இருந்த ஆள் படியேறி வந்தான். இடுப்புவாரைப் பளபளவென்று தேய்த்து, கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தபடி வந்தவன், கேஹர் சிங்கைப் பார்த்ததும் கட்டிப்போட்டது போல் நின்றான்.

"வஸாவா..." என்றான், காற்றுமாதிரி.

"நான் அவன் தம்பி. நீ யாரு?"

"தெஹல் சிங்." ஆள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். முன்ஷி சட்டென்று நிமிர்ந்தார். "என்னது? இவ்வளவு நாளா வஸாவா சிங்னு சொன்ன?"

நிஹாலோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் எதிரே போய் நின்றாள். "என் வீட்டுக்காரர் பேரை எதுக்கு எடுத்த?"

தெஹல் சிங் முக்காட்டுக்குள்ளிருந்து வந்த குரலை நிமிர்ந்து பார்க்கவில்லை. இடுப்புவாரையே தேய்த்துக்கொண்டிருந்தான். "அண்ணி, நானும் அவனும் ஒரே கூடாரம். முள்ளு வெட்டும்போது பக்கத்துல பக்கத்துல நின்னோம். அவன் அங்க விழுந்தான், நான் இங்க நின்னேன். நடுவுல ஒரு ஆள் படுக்கிற இடம்தான். ஊருக்கு வந்து உங்ககிட்ட நான்தான் சொல்லியிருக்கணும். வர முடியல. வேற ஆள்கிட்டச் சொல்லி அனுப்பினேன். துரை அன்னிக்குப் பேர் கேட்டாரு. வாயில அவன் பேருதான் வந்துச்சு. ராணி வீட்டுல அவன் பேராவது இருக்கட்டுமேன்னு..."

"பொய்" என்றாள் நிஹாலோ.

கேஹர் பதறினான். "அண்ணி!"

"பாதி பொய். மீதியையும் சொல்லச் சொல்லு."

தெஹல் சிங் இடுப்புவாரைத் தேய்ப்பதை நிறுத்தினான். "யாரை எழுதுறாங்களோ அவங்களைக் கப்பல்ல ஏத்தி ராணிக்குக் காட்டக் கூட்டிட்டுப் போவாங்கன்னு பட்டாளத்து லைன்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க. எனக்குக் கடலை நினைச்சாலே ராத்திரியெல்லாம் தூக்கம் போயிடும். இன்னொரு தடவை ஏற மாட்டேன். அதான்... செத்தவனைக் கப்பல்ல ஏத்த முடியாதுல்ல?"

பிறகு நிஹாலோவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்து முன்ஷி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நிற்கவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டாள். "ஏத்திட்டியேப்பா! உயிரோட ஒரு தடவை ஏறினாரு, செத்தும் ஏறச் சொல்றியே" என்று சொல்லும்போது சிரிப்பு எங்கேயோ அறுந்துபோனது.

முன்ஷி நடந்ததையெல்லாம் துரைக்குச் சொன்னார். துரை பலகையைத் திருப்பி, பின்பக்கம் எழுதியிருந்த பெயரைக் காட்டி ஏதோ கேட்டார். படங்கள் அந்த வாரமே கட்டி அனுப்பப்பட இருந்தன. பெயரை மாற்றவேண்டுமா, அப்படியே விடலாமா என்று கேட்கிறார் என்றார் முன்ஷி.

"அப்படியே இருக்கட்டும்" என்றான் கேஹர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அண்ணன் போட்ட உழைப்புக்கு அந்தப் பேராவது அரமனையில இருக்கட்டும். ஊருல தலைநிமிர்ந்து சொல்லிக்கலாம்."

"நானும் அதையேதான் சொல்றேன்" என்றான் தெஹல் சிங் அவசரமாக.

"நீ சொல்லுவ" என்றாள் நிஹாலோ. "வேணாம். அழிக்கச் சொல்லு."

"அண்ணி, கௌரவம் அது."

"யாருக்குக் கௌரவம்? யாரோ ஒருத்தன் தாடிக்குக் கீழ அவர் பேர் போட்டா அவரைத் தெரிஞ்சவங்களுக்கு அது பொய், தெரியாதவங்களுக்கு அது ஒண்ணுமே இல்ல. அம்மா அங்க எள்ளு உருண்டை கட்டிக் கொடுத்து அனுப்பிச்சிருக்காங்க. இந்தப் பேர் இப்படிச் சுத்திக்கிட்டே இருந்தா இன்னொரு மங்கு வருவாரு, இன்னொரு சேதி சொல்வாரு, நான் இன்னொரு தடவை ஆத்தைத் தாண்டுவேன். எனக்கு முடியல கேஹர். அவர் செத்துட்டாரு. செத்தவரா இருக்க விடுங்க."

"எந்தப் பேரை அழிக்கணும்னு சொல்லும்மா" என்றார் முன்ஷி. வீட்டுக்காரர்கள் வாயால் சொல்லாமல் தான் மாற்றினால் பிறகு தன் தலையில் விழும் என்று அவருக்குப் பயம்.

புருஷன் பெயரை நிஹாலோ அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கேஹரைப் பார்த்தாள். கேஹர் உதட்டை இறுக்கிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தான். அவன் சொல்லப் போவதில்லை.

"வஸாவா சிங்" என்றாள் அவள். சொன்னதும் அந்தப் பெயர் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

துரை கத்தியால் சுரண்டி, மேலே வேறு பெயர் எழுதினார். தெஹல் சிங் தன் பெயர் ஒவ்வொரு எழுத்தாக விழுவதைக் கழுத்தில் கயிறு விழுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். யாரையும் கப்பலேற்றும் உத்தேசம் இல்லை என்று முன்ஷி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

அவர்கள் கிளம்பும்போது துரைக்கு என்ன தோன்றியதோ, ஒரு தாளையும் கரித்துண்டையும் எடுத்தார். இறந்தவர் எப்படி இருப்பார் என்று நீங்கள் சொன்னால் வரைந்து தருகிறேன், அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். கேஹரின் முகத்தைப் பார்த்து அடிக்கோடு போட்டார்.

"நெத்தி இன்னும் அகலம்" என்றான் கேஹர்.

"இல்ல இல்ல, நெத்தி சரிதான். கன்னம் ஒட்டிப் போயிருக்கும்" என்றான் தெஹல் சிங்.

"எங்க வீட்டுல யாருக்கும் கன்னம் ஒட்டாது."

"சுவாக்கின்ல வந்து பாரு, ஒட்டுதா இல்லையான்னு."

மூக்கு வந்தபோது பெரிய சண்டையே வந்துவிட்டது. அப்பா மூக்கு, நேராக நீளமாக இருக்கும் என்றான் கேஹர். மல்யுத்தத்தில் உடைந்து இடதுபக்கம் சாய்ந்துவிட்டது என்றான் தெஹல் சிங். "நான்தான் தூக்கிப் போட்டேன். எனக்குத் தெரியாதா? கப்பல் ஏறுறதுக்கு முந்தின மாசம்."

துரை கரியோடு நிஹாலோவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

கோணல் மூக்கோடு அவனை அவள் பார்த்ததே இல்லை. கடைசி விடுப்புக்கு அப்புறம் நடந்தது அது. தான் இத்தனை நாள் தவித்துத் தவித்துத் தேடிய முகம், கிடைத்திருந்தாலும் பழைய முகமாகத்தான் இருந்திருக்கும். செத்தவன் வேறு மூக்கோடு செத்திருக்கிறான்.

"உடைஞ்சதாவே போடுங்க" என்றாள். பிறகு தெஹல் சிங்கிடம், "என்னைப் பத்தி ஏதாச்சும் பேசுவாரா?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். இந்தத் தடவை பொய் சொல்லக் கூடாது என்று யோசித்தது நன்றாகவே தெரிந்தது. "பருப்புல நீங்க உப்பு அள்ளிப் போடுவீங்கன்னு சொல்வான். பட்டாளத்துப் பருப்பு வாயில வைக்க முடியாம இருக்கும்போதெல்லாம், இதுக்கு என் பொண்டாட்டி உப்பே தேவலைம்பான்."

"நாக்கு நீளம் அவருக்கு" என்றாள் நிஹாலோ. அன்று முதல்முறையாக, போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எள்ளு உருண்டையை அவிழ்த்து தெஹல் சிங் கையில் வைத்தாள். "சாப்பிடு. அவங்க அம்மா கட்டினது. இங்க கொடுக்க வேற ஆள் இல்ல."

ஊர் திரும்பியதும் பசந்தியிடம் விஷயத்தை நிஹாலோதான் சொன்னாள். பசந்தி கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். சர்க்கார் சேதி வந்தபோது அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். நாலைந்து நாள் கழித்துத் தாளை எடுத்துக் காட்டினார்கள். பசந்தி வெளிச்சத்தில் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருடா?"

"அண்ணன்மா."

"உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா? என் புள்ள இப்படியா இருப்பான்? இது யாரோ சண்டைக்காரன்" என்றாள். ஆனாலும் தாளை யாருக்கும் தரவில்லை. பஞ்சுப் போர்வைகள் வைக்கும் ரஜாய்ப் பெட்டிக்குள்ளே அடியில் வைத்துப் பூட்டினாள்.

போர்வை போர்த்தும் நாள் அதோடு தள்ளிப்போனது. கேஹர் தானாகவே போய் உறவுக்காரர்களிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். நிஹாலோ கோபத்தோடு கிணற்றடியில் அவனைப் பிடித்தாள்.

"நான் வேணாம்னு சொன்னேனா? நீயா எப்படி முடிவு பண்ணின?"

"நீங்க சொல்லல. அந்தப் படத்து முன்னாடி நின்னீங்களே, அதைப் பார்த்தேன். ஆமான்னு சொல்லப் பார்த்தீங்க."

நிஹாலோ வாளியைக் கீழே வைத்தாள். "எனக்கு அவர் முகம் மறந்துபோச்சு கேஹர்" என்றாள். யாரிடமும் சொல்ல முடியாது என்று நினைத்தது இத்தனை சுருக்கமாக முடிந்துவிட்டது.

"எனக்கு மூக்கு தெரியல, உங்களுக்கு முகம் தெரியல" என்றான் அவன். "அம்மாவுக்கு எல்லாம் தெரியும்னாங்க, அவங்களுக்கு அந்தப் படமே தெரியல. விடுங்க."

கோதுமை அறுப்பு முடிந்தது, மழை வந்து போனது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் நிஹாலோ அரிவாளை நிறுத்தாமலே, "போர்வை கையோட வச்சிருக்கியா, இல்ல அதையும் ஆட்டுக்குப் போட்டுட்டியா?" என்று கேட்டாள். கேஹர் அன்று அதற்கு மேல் ஒரு கரும்புகூட வெட்டவில்லை. மறுவாரம் கல்யாணம் நடந்தது. தெஹல் சிங் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து மணமகன் பக்கம் உட்கார்ந்து எல்லாரையும்விட அதிகமாகச் சாப்பிட்டான். அவனை யாரும் கப்பலேற்றவில்லை. படம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். அதைப் பற்றி அப்புறம் யாரும் எதுவும் கேள்விப்படவில்லை.

கல்யாணத்தால் நிஹாலோவின் கால் நின்றுவிடவில்லை. பிள்ளை பெற்ற வாரத்திலேயே சுவர் பூசியவள் அவள். சேனாப் ஆற்றுக் கால்வாயில் சர்க்காரில் புது நிலம் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்தபோது ஊரில் முக்கால்வாசிப் பேர், பாம்பும் கருவேலமும் மண்டிய அந்தப் பொட்டலுக்கு யார் போவார்கள் என்று சிரித்தார்கள். நிஹாலோ மட்டும் கேஹரை அரித்தெடுத்தாள். சாப்பிடும்போது சொன்னாள், மாடு கறக்கும்போது சொன்னாள். நிலத்தைப் பார்த்துவரப் போன கேஹர் ஒன்றுமே இல்லாத காட்டைப் பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போய் வந்தான். "ஒண்ணுமே இல்லியா? அப்ப எல்லாத்தையும் நாமளே போட்டுக்கலாம்" என்றாள்.

பசந்தி வர மறுத்தாள். தன் பிணம் இந்த ஊரில்தான் விழும் என்று சபதம் போட்டாள். வண்டி கட்டி, ஏர், சட்டி பானை, பிள்ளைகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. எருமையைப் பின்னால் கட்டியாகிவிட்டது. வழியனுப்ப வந்தவர்கள் அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நிஹாலோ மாமியார் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நுகத்தடியைப் பிடித்தாள்.

பசந்தி உள்ளே போனாள். ரஜாய்ப் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன பார்க்கற? தூக்கி வை. நீ இல்லேன்னா இந்த வீட்டுல யாரைப் பார்த்து நான் உட்காருடி உட்காருடின்னு கத்தறது?" என்று சொல்லிவிட்டு, கேஹர் கைகொடுப்பதற்குள் வண்டியில் ஏறி நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.